டெயில் லேம்ப் பார்க்காமல் கொடுத்த வார்த்தை

காலை ஏழு மணி இருக்கும். சமையலறையில் சரோஜா தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. நான் கூடத்து ஜன்னல் கம்பியில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, ஒரு கன்னத்தில் நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தேன். ரிட்டையர் ஆன பிறகும் இந்தப் பழக்கத்தை நான் விடவில்லை. சவரம் செய்யாத ஸ்டேஷன் மாஸ்டரின் கொடியை எந்த டிரைவரும் மதிக்க மாட்டான் என்பது என் கட்சி.

அப்போது போன் அடித்தது. விழுப்புரத்திலிருந்து மாணிக்கம். சரோஜாவின் தம்பி. ஜங்ஷன் பக்கம் டயர் கடை வைத்திருக்கிறான். காலை ஏழு மணிக்கு அவன் விழித்திருப்பதே ஒரு செய்திதான்.

"மாமா, பாப்பா இப்ப எந்த ஊர்ல இருக்குது?"

"ஏன்டா காலங்காத்தால?"

"சொல்லேன் மாமா. டிவி போட்டியா நீ?"

டிவியைப் போட்டேன். ஒரு மந்திரி எதையோ திறந்து வைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே எழுத்துகள் ஓடின. விமானப்படைப் பயிற்சி விமானம் இரவில் தரையிறங்க வந்தபோது விழுந்து நொறுங்கியது. பயிற்றுநரும் பயிற்சி பெற்றவரும் பலி. அதற்கு முன்னால் ஓர் ஊர்ப் பெயர். என் மகள் கயல்விழி விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த ஊர் அது. பெயரை எழுதாதே என்று அவள் சொல்லியிருக்கிறாள். வடக்கே ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் கையிலிருந்த ரேசர் எப்போது கீழே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. சரோஜா கரண்டியோடு வந்து நின்றாள். எழுத்து இரண்டாவது தடவை ஓடும் வரை காத்திருந்து முழுசாகப் படித்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"நம்ம புள்ள இல்லங்க. நேத்து ராத்திரியே கால் வந்துடுச்சி. பாத்துட்டுதான் நான் படுத்தேன்."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. போனில் மாணிக்கம் இன்னும் லைனில் இருந்தான். "எறங்கிட்டாடா. மிஸ்டு கால் வந்துட்ச்சி. போய் கடையத் தொற" என்று அதட்டினேன். என் குரலில் பழைய அதிகாரம் வந்துவிட்டது.

ஒரு ரிங், அதற்கு மேல் வேண்டாம்

இந்த மிஸ்டு கால் விவகாரத்தை விளக்க வேண்டும். இல்லையென்றால் அன்று நான் செய்த காரியம் உங்களுக்குப் புரியாது.

கயல் விமானப்படைக்குத் தேர்வானபோது தெருவே வந்து கைகொடுத்தது. சரோஜா மட்டும் பிரம்மதேசத்துக் கோயிலில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவள் ஊர் அதுதான். சாயங்காலம் வரை எழுந்து வரவில்லை. பகலில் பறப்பதைக்கூட அவள் ஒருவழியாகப் பொறுத்துக்கொண்டாள். இரவில் பறக்க வேண்டும் என்று தெரிந்ததும் அவளுக்குத் தூக்கம் போய்விட்டது.

லீவில் வந்திருந்தபோது மொட்டை மாடியில் வைத்துக் கயல் எங்களுக்கு விளக்கினாள். இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு சொன்னாள்.

"ரன்வே லைட்டு ரெண்டு வரிசையா தெரியும்மா. மத்தது எல்லாம் கருப்பு. தரையே தெரியாது. நாம ரொம்ப உயரத்துல இருக்கோம்னு கண்ணு சொல்லும். அத நம்பிட்டா போச்சி. மீட்டர் காட்டுறத மட்டும்தான் நம்பணும்."

"கண்ண நம்பாம எப்பிடிடி வண்டி ஓட்டுவ?" என்றாள் சரோஜா.

"அதத்தான்மா கத்துக்கினு இருக்கேன்."

அந்த லீவுக்கு அவளோடு ஒரு தோழியும் வந்திருந்தாள். லாவண்யா. நெல்லூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர். அப்பா இல்லை. அம்மா பத்மாவதி பிளவுஸ் தைத்துப் படிக்க வைத்த பெண். ஒல்லியாக, உயரமாக, எப்போதும் சிரித்த முகமாக இருப்பாள். அவித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, முறத்தோடு மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சினிமா முடிவதற்குள் தொலியை மட்டும் மீதி வைத்தாள். சரோஜாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. எனக்கும்தான். நான் கூடூர்ப் பக்கம் ஆறு வருஷம் வேலை பார்த்தவன். என் துருப்பிடித்த தெலுங்கைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்த முதல் ஆள் அவள்.

அன்று மாடியிலேயே சரோஜா சட்டம் போட்டாள். இரவு பறந்துவிட்டுக் கீழே இறங்கியதும் ஒரு ரிங் கொடுக்க வேண்டும். ஒரே ரிங். பேச வேண்டாம், இவள் எடுக்கவும் மாட்டாள். மெசேஜ் அனுப்புகிறேனே என்றாள் கயல்.

"மெசேஜு எனக்குப் பாக்கத் தெரியாது. ரிங்கு வந்தா என் புள்ள எறங்கிட்டான்னு நான் படுத்துக்குவேன்."

லாவண்யா உடனே, தன் அம்மாவுக்கும் அப்படியே கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். எங்கள் வீட்டுச் சட்டம் நெல்லூருக்கும் போனது அப்படித்தான். பிறகு இரண்டு அம்மாக்களும் போனில் பழகிக்கொண்டார்கள். இவளுக்குத் தெலுங்கு வராது, அவருக்குத் தமிழ் வராது. நடுவில் நான்தான் மொழிபெயர்ப்பாளன். எதைப் பேசினாலும் அவர் முடிவில், "அண்ணய்யா சொன்னால் சரி" என்பார். எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

சரோஜா கேட்டது

அன்று காலை தோசை தீய்ந்துபோன வாசனை கூடம் வரை வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்த சரோஜா, "பத்மாவதியம்மா டிவி பாத்தா பயந்துடுவாங்க. ஒரு வார்த்த பேசிடுங்க" என்றாள்.

நான் போட்டேன். அவர் செய்தியைப் பார்த்திருந்தார். குரல் நடுங்கியது. ஆனால் அவருக்கும் நேற்று இரவு கால் வந்திருந்தது. "கால் வந்ததே அண்ணய்யா. அப்படியென்றால் இறங்கிவிட்டாள்தானே?" என்று கேட்டார்.

நான் சொன்ன பதிலைத் தெலுங்கிலேயே எழுதுகிறேன். "பயம் லேதம்மா. இத்தரூ திகாரு." பயமில்லை அம்மா, இருவரும் இறங்கிவிட்டார்கள்.

அவர் அழுதார். சந்தோஷ அழுகை. சரோஜா என் கையிலிருந்து போனை வாங்கித் தமிழில் ஏதோ சொன்னாள், அவர் தெலுங்கில் ஏதோ சொன்னார், இருவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்கள். வைத்த பிறகு சரோஜா டிவியைப் பார்த்து, "பாவம், யாரு பெத்த புள்ளயோ" என்றாள்.

நான் மிச்சக் கன்னத்தைச் சவரம் செய்ய உட்கார்ந்தேன்.

டெயில் லேம்ப் என்பது என்ன

இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கு நான் எவ்வளவு ஒழுங்கானவன் என்பது தெரியும். நானே பத்துத் தடவை எழுதியிருக்கிறேன். ஆகவே இந்த வாரம் ஒழுங்கில்லாத ஒரு கதையையும் எழுதிவிடுகிறேன்.

ஒரு ரயிலின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். அதுதான் டெயில் லேம்ப். ஒரு ஸ்டேஷனை வண்டி கடந்து போகும்போது ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே நின்று அந்த விளக்கைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தால்தான் வண்டி முழுசாக வந்தது என்று அர்த்தம். வழியில் பெட்டி எதுவும் கழன்று நிற்கவில்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் பின்னாலிருக்கும் ஸ்டேஷனுக்கு, "வண்டி வந்து சேர்ந்தது" என்று சொல்லலாம். அதை நம்பி அவன் அடுத்த வண்டியை அனுப்புவான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஒரு சின்ன ஸ்டேஷன். ஒற்றை லைன், மீட்டர் கேஜ். ஒரு மழை நாள் சாயங்காலம், சரக்கு வண்டி ஒன்று நிற்காமல் போனது. மழை முகத்தில் அறைந்தது. பாதி வண்டி போகும்போதே நான் உள்ளே ஓடி வந்துவிட்டேன். சத்தம் குறைந்ததும் கருவியில் கைவைத்து, வந்து சேர்ந்தது என்று சொல்லிவிட்டேன். பின்னாலிருந்து பாசஞ்சர் வண்டி கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகுதான் உறைத்தது. நான் விளக்கைப் பார்த்தேனா?

பார்க்கவில்லை. அடுத்த ஸ்டேஷனுக்குப் போன் போட்டால் மழையில் லைன் கரகரத்தது. இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தில் எத்தனை பேர் அந்தப் பாசஞ்சரில் இருப்பார்கள் என்று பெட்டி பெட்டியாக எண்ணினேன். கடைசியில் லைன் கிடைத்து, "டெயில் லேம்ப் இருந்துச்சு சார், நல்லாவே எரிஞ்சுது" என்று அந்தப் பக்கம் சொன்ன பிறகுதான் சட்டை நனைந்திருப்பதே தெரிந்தது.

ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால், பின்னாளில் அதை வீட்டில் ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்ல ஆரம்பித்தேன். கயலுக்கு அந்தக் கதை மனப்பாடம். நான் மழையில் ஓடுவதை நடித்துக் காட்டுவேன், அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். முடிவில், "ஒண்ணும் ஆவலதானப்பா?" என்பாள். "ஒண்ணும் ஆவல" என்பேன்.

ஏழு ஐம்பது

எட்டரை மணிக்கு மாணிக்கம் வந்து இறங்கினான். கடையைத் திறக்கவில்லை. விழுப்புரத்திலிருந்து பைக்கிலேயே வந்திருந்தான்.

"அக்கா, நீ பேஜாரு ஆவாத. டிவில இன்னா சொல்றான்னா, ஒம்போதர மணிக்கு நடந்துச்சாம். ஒனக்கு எத்தினி மணிக்குக் கால் வந்துச்சி?"

"ஏழே முக்கால், எட்டு இருக்கும்டா."

"அப்ப சரி. அதுக்கு முன்னாடியே எறங்கிட்ச்சி பாப்பா. நான் கூட வழியெல்லாம் பயந்துக்கினே வந்தேன்."

சரோஜா அவனுக்குத் தோசை ஊற்றப் போனாள். அவளுடைய போன் சோபாவில் கிடந்தது. நேரத்தைச் சரியாகப் பார்ப்போமே என்று எடுத்தேன். வேறு நோக்கம் இல்லை. ஏழே முக்கால் என்பதும் எட்டு என்பதும் எனக்கு ஒன்றல்ல. தொழில் புத்தி.

நேற்று இரவு ஏழு ஐம்பது. அதற்கு முந்தைய முறை ஏழு நாற்பத்தொன்பது. அதற்கும் முன்னால் ஏழு ஐம்பத்தொன்று. விரலால் தள்ளிக்கொண்டே போனேன். இரண்டு மாதத்தில் பதினோரு இரவுகள். பதினொன்றும் ஏழு நாற்பத்தெட்டிலிருந்து ஏழு ஐம்பத்திரண்டுக்குள்.

முப்பத்து நான்கு வருஷம் வண்டிகள் வந்து சேர்ந்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதியவன் நான். வருகிற நேரம் ஒருநாளும் இப்படி இருக்காது. ஒரு நாள் பத்து நிமிஷம் முன்னால் வரும், ஒரு நாள் ஒரு மணி நேரம் தள்ளி வரும். காற்று, மழை, முன்னால் போகும் வண்டி, எல்லாம் சேர்ந்துதான் வருகை. ஒரே நிமிஷத்தில் நடப்பது புறப்பாடு மட்டும்தான்.

இவை இறங்கிய பிறகு கொடுத்த கால்கள் இல்லை. ஏறுவதற்கு முன்னால் கொடுத்தவை. அம்மா தூங்கட்டும் என்று கொடுத்தவை.

அப்படியென்றால் நேற்று ஏழு ஐம்பதுக்குப் பிறகு என்ன நடந்தது என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. சமையலறையில் சரோஜா தம்பியிடம், சட்னிக்கு உப்பு போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த நினைப்பு உடனே வந்தது. பத்மாவதியம்மாவிடம் நான் என்ன சொன்னேன்? இருவரும் இறங்கிவிட்டார்கள் என்று சொன்னேன்.

போன் அடித்தால் பயம்

கயல் ஊருக்குப் போகும்போது பயிற்சி நிலையத்து எண் ஒன்றை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். அவசரத்துக்கு மட்டும் என்று இரண்டு கோடு போட்டிருந்தாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய் வரிசையாகப் போன் போட்டேன். கயலின் எண் அணைந்திருந்தது. லாவண்யாவின் எண்ணும் அணைந்திருந்தது. ஃபிரிட்ஜ் கதவு எண்ணில் ஐந்தாவது முயற்சியில் ஒருவர் எடுத்தார். இந்தியில் மரியாதையாகப் பேசினார். பெயர் எதையும் சொல்ல முடியாது, சம்பந்தப்பட்ட குடும்பத்துக்கு முதலில் தகவல் போகும், தயவுசெய்து லைனைக் காலியாக வைத்திருங்கள் என்றார்.

சம்பந்தப்பட்ட குடும்பத்துக்கு முதலில் தகவல் போகும். அதாவது, போன் வந்தால் நாங்கள்தான் அந்தக் குடும்பம்.

இரண்டு மாதமாக ஒரு ரிங் வந்தால் நிம்மதியாகப் படுத்த வீடு அது. அன்று ரிங் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். போன் ஓயவும் இல்லை. செஞ்சியிலிருந்து பெரியப்பா மகன். என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர். சிலிண்டர் போடுகிறவன், "சார் வீட்ல இருக்கீங்களா" என்றான். அவனை நான் திட்டிய திட்டு இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் மாடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்ப்பேன். நேரில் வந்தும் சொல்வார்களாம். பத்து மணிக்கு ஒரு போலீஸ்காரர் பைக்கில் வந்து சரியாக எங்கள் கேட்டுக்கு முன்னால் நிறுத்தினார். கையில் ஒரு ஃபைல். நான் படியில் இறங்கிய வேகத்தில் செருப்பு ஒன்று கழன்று மேலேயே நின்றுவிட்டது.

"சார், பத்தொம்பதாம் நம்பர் வீடு எது? பாஸ்போர்ட் வெரிபிகேஷன்."

மாணிக்கம்தான் எழுந்து வந்து அடுத்த வீட்டைக் காட்டினான். திரும்பியவன் என் முகத்தைப் பார்த்தான். என் காலில் ஒற்றைச் செருப்பைப் பார்த்தான்.

"மாமா, இன்னா ஆச்சி? பாப்பாதான் எறங்கிட்ச்சே?"

அவனைக் கேட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய் ஏழு ஐம்பதுக் கணக்கைச் சொன்னேன். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். உரக்கப் பேசுகிறவன், அடங்கிய குரலில், "அக்காகிட்ட சொல்லாத" என்றான்.

"நெல்லூருக்குச் சொல்லணும்டா. நான்தான் அந்தம்மாவுக்கு வார்த்த குடுத்துட்டேன்."

"இன்னான்னு சொல்லுவ மாமா? தெரியலன்னா? காலைல தெரியும்ன, இப்ப தெரியலன்னு சொல்லுவியா?"

சொல்லியிருக்க வேண்டும். மழை நாளில் நான் உடனே அடுத்த ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். இப்போது போடவில்லை. மூன்று தடவை பத்மாவதியம்மாவின் எண்ணை எடுத்து மூன்று தடவையும் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தேன். அவரிடம் பேசினால் சரோஜா காதில் விழும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். மாடிக்குப் போய்ப் பேசியிருக்கலாமே. எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

நான் இருக்கேன்பா

பதினொன்றரை மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. சரோஜா பக்கத்திலேயே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மாணிக்கம் எழுந்து நின்றான். நான் எடுத்துக் காதில் வைத்தேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா. நான் இருக்கேன்பா."

என் மகள் இருக்கிறாள். எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். விழுந்தது யாரோ, செத்தது யாரோ, என் மகள் இல்லை. அந்த நொடியில் நான் அப்படித்தான் நினைத்தேன். அவள் அழ ஆரம்பித்த பிறகுதான், அந்த யாரோ யார் என்று எனக்குப் புரிந்தது.

"லாவண்யாப்பா. அவளும் சாரும். அடுத்தது என் டர்ன்பா. நான் கீழ நின்னு பாத்துக்கினு இருந்தேன். லைட்டு எறங்கி வந்துக்கினே இருந்துச்சி. ரன்வேக்கு முன்னாடியே கீழ போயிட்ச்சி."

கயல், கயல் என்று அவள் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தேன். இரவு முழுக்க எல்லோருடைய போனும் லாக்கரிலேயே இருந்ததாம். குடும்பத்துக்குச் சொல்லும் வரை யாரும் வெளியே பேசக் கூடாது என்று உத்தரவு. இப்போது ஓர் அதிகாரியின் போனில் பேசுகிறாள்.

"அவங்கம்மா வீட்டுக்கு ஆளுங்க போயிட்டாங்கப்பா. அவங்க நம்ப மாட்டேன்றாங்க. ராத்திரியே கால் வந்துச்சி, காலைல ஸ்டேஷன் மாஸ்டர் அண்ணய்யாவே சொல்லிட்டாரு, ரெண்டு பேரும் எறங்கிட்டாங்க, நீங்க வேற வீட்டுக்கு வந்துட்டீங்கன்னு சொல்றாங்களாம்." அவள் குரல் உடைந்தது. "நீங்க எப்பிடிப்பா சொன்னீங்க? உங்களுக்கு எப்பிடிப்பா தெரியும்?"

"நீங்க எத்தன மணிக்குக் கால் குடுப்பீங்க?" என்று கேட்டேன்.

"எட்டு மணிக்கு உள்ள போவணும்பா. போன லாக்கர்ல வெச்சுடணும். வெளிய வர பன்னெண்டு, ஒண்ணு ஆவும். அம்மா உக்காந்துக்கினே இருக்கும்னு நான்தான் மொதல்ல ஆரம்பிச்சேன். லாவண்யாவுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன். முன்னாடியே குடுத்துடு, ஒண்ணும் ஆவாதுன்னு."

பிறகு கெஞ்சினாள். "நீங்க சொல்லுங்கப்பா அவங்களுக்கு. நீங்க சொன்னாதான் கேப்பாங்களாம்."

ஸ்பீக்கரில் போட்டார்

பத்மாவதியம்மா ஒரே ரிங்கில் எடுத்தார். இதெல்லாம் தெலுங்கில் நடந்தது. தமிழில் எழுதுகிறேன்.

"அண்ணய்யா, நல்ல வேளை கூப்பிட்டீர்கள். வாசலில் யூனிபார்மில் இரண்டு பேர் நிற்கிறார்கள். என்னென்னமோ சொல்கிறார்கள். ஸ்பீக்கரில் போடுகிறேன். நீங்களே சொல்லுங்கள் இவர்களுக்கு."

பட்டனை அழுத்தும் சத்தம் கேட்டது. அவர் வீட்டு ஃபேன் சுற்றும் சத்தமும், யாரோ தொண்டையைக் கனைத்துக்கொள்வதும் கேட்டது. எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

"அம்மா, காலையில் நான் சொன்னது தப்பு."

"என்ன தப்பு?"

"பார்க்காமல் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியாது அம்மா. தெரியாமலே இறங்கிவிட்டார்கள் என்று சொன்னேன்."

"கால் வந்ததே."

"அது ஏறுவதற்கு முன்னால் கொடுத்த கால். நாம் தூங்க வேண்டும் என்று பிள்ளைகள் முன்னாலேயே கொடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்."

பிறகு மெதுவாகக் கேட்டார்.

"உங்கள் பெண்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"இருக்கிறாள் அம்மா" என்றேன்.

ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு நாற்காலி இழுபடும் சத்தம். வேறு யாரோ போனை எடுத்து அணைத்துவிட்டார்கள்.

நான் திரும்பியபோது சரோஜா கீரைக் கட்டோடு பின்னால் நின்றிருந்தாள். அவளுக்குத் தெலுங்கு வராது. ஆனால் புரிந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஒம்போதர மணிக்கு நான் தூங்கிக்கினு இருந்தேங்க. புள்ள எறங்கிட்டான்னு நல்லாத் தூங்கினேன்."

அதற்குப் பிறகு

மறுநாளே நாங்கள் இருவரும் ரயில் ஏறி பத்மாவதியம்மாவின் ஊருக்குப் போனோம். தைத்து முடித்த பிளவுஸ்கள் கூடத்தில் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தன. யாரும் அவற்றைக்கூட எடுத்துவைக்கவில்லை. பத்மாவதியம்மா சரோஜாவின் தோளில் சாய்ந்து அழுதார். என்னை ஒருமுறை பார்த்தார். பேசவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. காலையில் நான் ஒன்றுமே சொல்லாமல் இருந்திருந்தால் அது வேறு. இருக்கிறாள் என்று நான் கொடுத்த வார்த்தையை நானே திரும்ப வாங்கினேன்.

விமானம் ஏன் விழுந்தது என்று விசாரணை நடந்தது. கயல் அதைப் பற்றிப் பேச மாட்டாள், நாங்களும் கேட்பதில்லை. சரோஜா ஒரு மாதம் அவளோடு பேசவே இல்லை. பேசிய முதல் வார்த்தையே, "இனிமே எறங்கின பொறவு குடு. எத்தினி மணியானாலும் பரவால்ல. நான் முழிச்சிக்கினு இருக்கேன்" என்பதுதான்.

கயல் பறப்பதை விடவில்லை. விட்டுவிடு என்று சொல்ல எனக்கு நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை.

இப்போது ரிங் பன்னிரண்டே காலுக்கு வரும், ஒன்று பத்துக்கு வரும், ஒருநாள் இரண்டரைக்கு வந்தது. ஒழுங்கே இல்லாத நேரங்கள். பார்க்கப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருக்கிறது. சரோஜா மல்லாட்டை உரித்துக்கொண்டோ, அணைத்த டிவியைப் பார்த்துக்கொண்டோ உட்கார்ந்திருப்பாள். கயல் இரண்டு வீட்டுக்கு ரிங் கொடுக்கிறாள். எனக்கும் கொடு என்று பத்மாவதியம்மாதான் அவளைக் கேட்டாராம். எங்களுக்கு வந்த இரண்டு நிமிஷத்தில் அங்கிருந்து சரோஜாவின் போனுக்கு ஒரு ரிங் வரும். இவள் திருப்பி ஒரு ரிங் கொடுப்பாள். மொழிபெயர்ப்பாளன் தேவைப்படவில்லை. என்னோடு அவர் பேசுவதும் இல்லை.

போன வாரம் ஓர் இரவு, ஒரு மணிக்கு எங்களுக்கு ரிங் வந்தது. சரோஜா படுக்காமல் காத்திருந்தாள். இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம். நெல்லூரிலிருந்து ரிங் வரவில்லை. பிறகு வந்தது. ஒன்றோடு நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. சரோஜா போனை என்னிடம் நீட்டினாள்.

"எனக்குக் கால் வரவில்லை. பாப்பா இறங்கிவிட்டாளா?" என்று கேட்டார் பத்மாவதியம்மா.

எங்களுக்கு வந்துவிட்டது, இறங்கிவிட்டாள் என்று சொல்ல வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டேன்.

"எங்களுக்கு ரிங் வந்தது அம்மா. ஆனால் நான் பேசவில்லை. பேசிவிட்டுச் சொல்கிறேன்."

கயலைக் கூப்பிட்டேன். நெல்லூருக்கு லைன் கிடைக்கவில்லை, திரும்பத் திரும்ப முயற்சி செய்துகொண்டிருக்கிறேன் என்றாள். பின்னால் யாரோ பேசிச் சிரிப்பது கேட்டது. எங்கே நிற்கிறாய் என்றேன். தரையில்தான்பா, கேன்டீன் வாசலில், டீ குடிக்கிறேன் என்றாள். ஒரு வாய் குடி, சத்தம் கேட்கட்டும் என்றேன். லூசாப்பா நீங்க என்று சொல்லிவிட்டு உறிஞ்சிக் காட்டினாள்.

நெல்லூருக்குப் போட்டேன்.

"பேசினேன் அம்மா. குரலைக் கேட்டேன். டீ குடித்துக்கொண்டிருக்கிறாள். இறங்கிவிட்டாள்."

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு.

"சரி அண்ணய்யா" என்றார். "படுத்துக்கொள்ளுங்கள்."